கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு சர்வருக்கு வேலை அனுப்புவது எப்படி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை கிளையில் இருந்தபடி, பாலக்காடு ஆபீஸ் ஜென்கின்ஸில் (வேலைகளைத் தானாக ஓடவிடும் சர்வர் மென்பொருள்) ரிப்போர்ட் வேலையை ஓடவிட வேண்டும். சில நாள் ஒரே வேலை இரண்டு தடவை ஓடுகிறது. ஏன்?

முதலில் உங்கள் யூசர் பக்கத்தில் ஏபிஐ டோக்கன் (ஸ்கிரிப்ட் பாஸ்வேர்டுக்குப் பதில் காட்டும் ரகசியக் குறியீடு) ஒன்று உருவாக்குங்கள். பாஸ்வேர்டு வைத்து அனுப்பினால் கிரம்ப் (போலிக் கோரிக்கையைத் தடுக்கும் சரிபார்ப்புக் குறியீடு) கேட்டு 403 (அனுமதி மறுப்பு) வரும்; டோக்கனுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிறகு வேலையின் முகவரியோடு 'பில்ட்வித்பாராமீட்டர்ஸ்' சேர்த்து போஸ்ட் முறையில் அனுப்புங்கள். வேலையின் அமைப்பில் முன்கூட்டி அறிவிக்காத பாராமீட்டர் (வேலைக்குக் கொடுக்கும் மதிப்பு) பில்டுக்குள் (வேலையின் ஒரு ஓட்டம்) போய்ச் சேராது, பிழையும் காட்டாது. தமிழ், மலையாளப் பெயர்கள் இருந்தால் கர்லில் (கோரிக்கை அனுப்பும் கட்டளைக் கருவி) எழுத்துகளை முகவரிக்கு ஏற்ற வடிவாக மாற்றும் 'டேட்டா யூஆர்எல்என்கோட்' கட்டாயம்.

இனி உங்கள் சிக்கல். சர்வரின் பதிலாக 201 என்ற எண் வந்தால் வேலை வரிசையில் நின்றது என்றுதான் பொருள், முடிந்தது என்றல்ல. பதிலின் 'லொகேஷன்' ஹெட்டரில் (பதிலின் தலைப்புத் தகவல்) வரிசை எண் இருக்கும். அதைச் சில விநாடிக்கு ஒருமுறை கேட்டால் பில்ட் எண் கிடைக்கும். உடனே குறித்துக்கொள்ளுங்கள், வரிசைப் பதிவு ஐந்து நிமிடம் போல்தான் நிற்கும். லைன் அறுந்து 201 கைக்கு வராதபோது உங்கள் ஸ்கிரிப்ட் மறுபடி அனுப்புகிறது. முதல் வேலை அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தால் இரட்டிப்பு நிச்சயம். இதற்கு நேர்மாறும் உண்டு: ஒரே பாராமீட்டர்களோடு இரண்டு கோரிக்கை வரிசையில் காத்திருந்தால் ஜென்கின்ஸ் ஒன்றாக்கிவிடும்.

ஆகவே கிளை, தேதி, பில் (ரசீது) எண் மூன்றும் சேர்ந்த அடையாளத்தைப் பாராமீட்டராக அனுப்புங்கள். அதே அடையாளம் கொண்ட வேலை ஏற்கெனவே ஓடுகிறதா, முடிந்ததா என்று வேலையின் முதல் படியே பார்த்து நிறுத்தட்டும். மறுமுயற்சியிலும் அடையாளம் மாறக்கூடாது.