வேலை ஆணை வந்திருக்கிறது, பணம் கட்டலாமா?

கேள்வி: பி.எஸ்சி. முடித்த என் மகளுக்குத் தேயிலை வாரியத்தில் தர ஆய்வாளர் வேலை கிடைத்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஆணை வந்துள்ளது. பணியிடம் குன்னூர். சிங்க முத்திரை, கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருக்கின்றன. இன்டர்வியூ போனிலேயே முடிந்தது. பயிற்சிக்கும் போலீஸ் சரிபார்ப்புக்கும் 12,500 ரூபாயை இன்று மாலைக்குள் ஜி-பே செய்யச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: ஒரு பைசாகூடக் கட்டாதீர்கள் அம்மா. அந்த ஆணை போலி.

முத்திரையும் கையெழுத்தும் எதற்கும் சான்று ஆகாது. இணையத்தில் கிடைக்கும் ஏதாவதொரு அரசுச் சுற்றறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டிவிடலாம். மகள் எந்த அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தாள் என்று கேளுங்கள். விண்ணப்பிக்காத வேலைக்கு அரசு ஆணை அனுப்பாது. தேயிலை வாரியம் 1953-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டப்படி அமைந்த மத்திய அரசு அமைப்பு, தலைமையகம் கொல்கத்தா. அதன் ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் அதன் சொந்த இணையதளத்தில் வரும். தளப் பெயரின் வாலைப் பாருங்கள்: 'டாட் கவ் டாட் இன்' (.gov.in) என்று முடிய வேண்டும். நடுவில் 'கவ்' என்று செருகி 'டாட் காம்', 'டாட் ஆர்க்' என்று முடிந்தால், அது யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய பெயர்.

போன் இன்டர்வியூவும் இடிக்கிறது. மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளுக்கும், குரூப் 'பி'யில் அரசிதழ் பதிவு பெறாத பணிகளுக்கும் 1.1.2016 முதல் நேர்காணலே கிடையாது.

தேர்வுக் கட்டணம் உண்டுதான். ஆனால் அதை விண்ணப்பிக்கும்போதே, விண்ணப்பத் தளத்திலேயே கட்டுவோம். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் தேர்வுகளுக்கு 100 ரூபாய், பெண்களுக்கு அதுவும் இல்லை. தேர்வான பிறகு தனி ஆளின் யு.பி.ஐ.க்குப் பணம் கேட்கும் அரசு அலுவலகம் எதுவும் இல்லை. போலீஸ் சரிபார்ப்பை வேலை தரும் துறையே பார்த்துக்கொள்ளும். மாலைக்குள் என்ற கெடு, நீங்கள் யாரிடமும் விசாரித்துவிடக் கூடாது என்பதற்காக.

இன்னும் மனசு கேட்கவில்லையா? ஆணையில் உள்ள எண்ணுக்கு மட்டும் போன் செய்யாதீர்கள், எடுப்பவர் அவர்கள் ஆளாகத்தான் இருப்பார். வாரியத்தின் அலுவலகம் குன்னூரிலேயே இருக்கிறது. பஸ் ஏறிப் போய், ஆணையை அச்செடுத்துக் காட்டிக் கேளுங்கள். வெளியூரில் ஏமாறுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

கேள்வி: இதே மாதிரி ஆணையை நம்பி 4,000 ரூபாய் கட்டிவிட்டேன். ஆதார் நகலும் பாஸ்புக் பக்கமும் அனுப்பிவிட்டேன்.
– வாசகர், கூடலூர்

பதில்: முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் போன தேதி, நேரம், தொகை, 12 இலக்க யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், பெற்றவரின் யு.பி.ஐ. முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த விவரங்களை வைத்துத்தான் பணம் போன கணக்கை வங்கி நிறுத்திவைக்கும். பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவி ஏ.டி.எம்.மில் வெளியேறிவிட்டால் மீட்பது கடினம், அதனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோபத்தில் எல்லோரும் முதலில் செய்வது பிளாக் செய்து அழிப்பதுதான், அதோடு சாட்சியமும் போய்விடும்.

ஆதாருக்கு, எம்-ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டுங்கள். உங்கள் பெயரில் வேறு சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் சொல்லலாம். பாஸ்புக் பக்கத்தை வைத்து மட்டும் பணம் எடுக்க முடியாது. ஆனால் அந்த விவரத்தைச் சொல்லி வங்கியிலிருந்து பேசுவதாக ஓ.டி.பி. கேட்பார்கள், கொடுக்காதீர்கள். 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்' என்று வரும் அழைப்பும் மோசடிதான்.

கேள்வி: வேலை தருவதாகச் சொல்கிறவர்கள் என் கணக்கில் 50,000 ரூபாய் போடுவார்களாம், அதில் 45,000-ஐ அவர்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றினால் மீதி என் முதல் சம்பளமாம்.
– வாசகர், உதகை

பதில்: அந்த 50,000 வேறொருவர் ஏமாந்த பணம். மாற்றிவிட்டால் உங்கள் கணக்கு முடக்கப்படும், விசாரணைக்கும் நீங்கள்தான் போக வேண்டிவரும். ஏற்கெனவே வந்திருந்தால் தொடாமல், வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள்.