ஸ்பெயின் கடலோரத்தில் விடுமுறை வீடு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையில், அலிகாந்தே மாகாணத்தில், தொர்ரெவியெஹா, ஒரிவெலா கோஸ்தா பக்கம் விற்பனைக்கு வரும் வீடுகளைப் பற்றித்தான் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை. வெளிநாட்டவர் வீடு வாங்கும்போது பத்திரம், வரி, பதிவு வேலைகளைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் இங்கே வேலை செய்கிறேன். வீடு விற்றால் எனக்குத் தரகு கிடையாது, அதனால் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசலாம்.

கேள்வி (ஹாரோ, லண்டன்): அண்ணா, ஒரு விளம்பரம் பார்த்தேன். "நவீன குடும்ப விடுமுறை இல்லம். 3 படுக்கையறை, 2 குளியலறை, 110 சதுர மீட்டர், மொட்டை மாடி, பொது நீச்சல் குளம். கடற்கரைக்கு 5 நிமிடம். 2,80,000 யூரோ." இதில் எதையெல்லாம் நம்பலாம்?

பதில்: நீச்சல் குளத்தை நம்பலாம் தம்பி, படத்திலேயே இருக்கும். 5 நிமிடம் என்பதையும் 110 சதுர மீட்டர் என்பதையும் மட்டும் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

நடந்து 5 நிமிடமா, காரிலா? இந்தக் கரைக்கு இணையாக என்-332 நெடுஞ்சாலை ஓடுகிறது. லா செனியா, கபோ ரோய்க் கடற்கரைகள் சாலைக்குக் கிழக்கே. வில்லாமார்த்தின் மாதிரிக் குடியிருப்புகள் மேற்கே, உள்ளே தள்ளி. சாலைக்கு மேற்கே வீடு என்றால் குழந்தைகள் வாளியும் துண்டுமாகத் தாங்களே கடலுக்கு நடந்து போவார்கள் என்ற கனவை விட்டுவிட வேண்டியதுதான். காரில் 5 நிமிடம் என்பதும் பிப்ரவரிக் கணக்கு. ஆகஸ்டில் போய்ச் சேர்வதைவிட வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குத்தான் நேரம் ஆகும்.

பரப்பளவில், சுவர்களையும் சேர்த்த கட்டுமானப் பரப்பு வேறு, உள்ளே புழங்கும் பரப்பு வேறு. மொட்டை மாடியையும் முன் திண்ணையையும் கூட்டி எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். 110 என்று படித்துவிட்டு உள்ளே போனால் 75தான் இருக்கும், மூன்றாவது படுக்கையறையில் ஒரு கட்டிலும் அதைச் சுற்றி நடக்க இடமும் சேர்ந்து அமையாது.

கேள்வி (அதே நண்பர்): விலைக்கு மேல் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

பதில்: பழைய வீடா, கட்டுநரிடமிருந்து வரும் புது வீடா என்பதைப் பொறுத்தது. ஒருவர் வாழ்ந்த வீட்டை வாங்கினால் சொத்து மாற்ற வரி. அலிகாந்தே அடங்கிய வலென்சியா பிராந்தியத்தில் இது 10 சதவீதமாக இருந்தது, 2026 ஜூன் 1 முதல் 9 சதவீதம். உங்கள் 2,80,000-க்கு 25,200 யூரோ. புது வீடென்றால் 10 சதவீத மதிப்புக் கூட்டு வரியும், அதற்கு மேல் 1.4 சதவீத முத்திரை வரியும். இரண்டும் சேர்ந்து 31,920 யூரோ. அப்புறம் நோட்டரி, பதிவகம், வழக்கறிஞர் செலவு. மொத்தத்தில் விலையில் 12, 13 சதவீதத்தைத் தனியாக வைத்துக்கொண்டால் நெஞ்சு படபடக்காது. கடன் வாங்குவதாக இருந்தால், ஸ்பெயினில் வசிக்காதவருக்கு வங்கிகள் பொதுவாக மதிப்பில் 60 முதல் 70 சதவீதம் வரைதான் தருகின்றன. மீதியும் வரிகளும் கையிருப்பிலிருந்துதான் வர வேண்டும்.

கேள்வி (பர்மிங்காம்): வீடு வாங்கினால் அங்கே வசிக்க விசா கிடைக்குமாமே?

பதில்: இல்லை. 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் கிடைத்துக்கொண்டிருந்த அந்த விசா 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதைச் சொல்லி யாராவது வீடு விற்கப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிரிட்டன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் ஷெங்கன் பகுதியில் (ஸ்பெயினும் சேர்ந்த, பொது எல்லை கொண்ட ஐரோப்பிய நாடுகளில்) தங்கலாம். சொந்த வீடு இருப்பதால் அது ஒரு நாள்கூட அதிகமாகாது.

கேள்வி (பாரிஸ், லா சப்பல்): கோடையில் நாங்கள் மூன்று வாரம் தங்குவோம். மிச்ச நாளில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் கடன் தவணை தானாகவே அடைந்துவிடும் என்று முகவர் சொல்கிறார். சரியா?

பதில்: அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

வலென்சியா பிராந்தியத்தில் சுற்றுலா வாடகைக்கு விடப் பதிவு எண் வேண்டும். அந்த இடத்தில் சுற்றுலா வாடகை பொருந்தும் என்று நகராட்சி சான்று தந்தால்தான் பதிவு. 2024-இல் விதிகளை இறுக்கிவிட்டார்கள். இப்போது பதிவு 5 ஆண்டுக்குத்தான் செல்லும், ஒரே விருந்தினருக்குத் தொடர்ச்சியாக 10 நாள் வரை விடுவதைத்தான் சுற்றுலா வாடகை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது அக்கம்பக்கத்தார். பொது நீச்சல் குளம் உள்ள குடியிருப்பு என்றாலே உரிமையாளர் சங்கம் இருக்கும். 2025 ஏப்ரல் 3 முதல், புதிதாகச் சுற்றுலா வாடகை தொடங்க அந்தச் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு முன்கூட்டியே தேவை. இரவு இரண்டு மணிக்குக் குளத்தில் குதிக்கிற விருந்தினர்களால் தூக்கம் கெட்டவர்கள் கை தூக்குவார்களா? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் சங்கத்தின் விதிகளையும் கடைசிச் சில கூட்டங்களின் குறிப்பேடுகளையும் வாங்கிப் படியுங்கள். வாடகைச் சண்டை, குளத்தில் கசிவு, கட்டணம் கட்டாதவர் பட்டியல் எல்லாம் அதில் வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, பழைய உரிமையாளரிடம் அனுமதி இருந்தால் அது உங்கள் பெயருக்குத் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். முகவர் அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். வாடகையே வராவிட்டாலும் தாங்குமா என்று கணக்குப் போட்டு வாங்குங்கள். தாங்காது என்றால் அந்த வீடு வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கேள்வி (கொழும்பிலிருந்து லண்டன் வந்தவர்): வருடா வருடம் என்னென்ன கட்ட வேண்டும்?

பதில்: நகராட்சிச் சொத்து வரி, குப்பை வரி, சங்கக் கட்டணம், வீட்டுக் காப்பீடு. மின்சாரமும் தண்ணீரும் பயன்படுத்தாவிட்டாலும் நிலைக் கட்டணம் உண்டு.

பலர் கேள்விப்படாத ஒன்று, வெளிநாட்டில் வசிப்பவரின் கற்பனை வருமான வரி. வாடகைக்கு விடாமல் சும்மா வைத்திருந்தாலும், அரசு வீட்டுக்குப் போட்டிருக்கும் மதிப்பில் 1.1 அல்லது 2 சதவீதம் உங்களுக்கு வருமானம் வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவருக்கு அதில் 19 சதவீதம் வரி, உங்களுக்கு 24. மதிப்பு 90,000 யூரோ, விகிதம் 1.1 என்றால் வருமானம் 990, வரி சுமார் 238 யூரோ. தொகை சிறியதுதான். ஆனால் இதற்கு யாரும் பில் அனுப்ப மாட்டார்கள், நீங்களாகவே 210-ஆம் படிவத்தில் கட்ட வேண்டும்.

கேள்வி (சென்னை): இந்தியாவில் வசிக்கும் நாங்கள் வாங்க முடியுமா சார்?

பதில்: முடியும். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வாங்கினால் இருவரின் வரம்பையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடித்து வைக்கும். அது பின்னால் வருமான வரியில் கழிந்துவிடும், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப மறக்காதீர்கள். மறைத்தால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட இடம் இருக்கிறது.

கேள்வி (டோர்ட்முண்ட்): வெள்ளம் பயமாக இருக்கிறது. கடலை ஒட்டியே வாங்கினால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: பயம் நியாயமானது. 2019 செப்டம்பரில் ஒரிவெலா நகரமும் சுற்றுவட்டாரமும் மூழ்கின. 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் பக்கத்து வலென்சியா மாகாணத்தில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இலையுதிர் காலத்தில் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை இந்தக் கரைக்குப் புதிதல்ல. வருடம் முழுக்க வறண்டு கிடக்கும் ஓடைதான் அன்றைக்கு ஆறாகிவிடும். பிராந்திய அரசின் வெள்ள வரைபடத்தில் அந்த முகவரியைப் பார்த்துவிடுங்கள், இணையத்தில் இலவசம். வெள்ள இழப்பை இங்கே அரசு சார்ந்த இழப்பீட்டு அமைப்பு ஒன்று ஈடுகட்டும், ஆனால் வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் மட்டும்தான்.

கடலை ஒட்டிய முதல் வரிசைக்கு 1988-ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம் இருக்கிறது. கரை பொதுச்சொத்து. அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் பாதுகாப்புப் பகுதி, சட்டம் வரும்போதே நகர்ப்புறமாக இருந்த இடங்களில் 20 மீட்டர். அந்தப் பகுதிக்குள் வீடு இருந்தால் மாற்றிக் கட்டுவதற்கெல்லாம் கட்டுப்பாடு. எனக்கு இரண்டாவது, மூன்றாவது வரிசைதான் பிடிக்கும். உப்புக்காற்றும் அங்கே கொஞ்சம் குறைவு. முதல் வரிசையில் ஏ.சி.யின் வெளிப்பெட்டியும் பால்கனிக் கம்பியும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதைப் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தாலே தெரியும்.

கேள்வி (ஓஸ்லோ): விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவர். விலையில் 3 சதவீதத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். ஏமாற்று வேலையா?

பதில்: இல்லை, அதுதான் முறை. 3 சதவீதத்தைப் பிடித்து, ஒரு மாதத்துக்குள் 211-ஆம் படிவத்தில் வரித்துறைக்கு நீங்கள் கட்ட வேண்டும். விட்டுவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில்தான், வீட்டின் மேல். நில மதிப்பு உயர்வுக்கான நகராட்சி வரியும் அப்படியே. கட்ட வேண்டியவர் விற்பவர், ஆனால் அவர் வெளிநாட்டில் இருப்பதால் நகராட்சி உங்களைத்தான் கேட்கும். அந்தத் தொகையையும் நோட்டரி முன்னிலையிலேயே கழித்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் வழக்கமாக 10 சதவீதம். அர்ராஸ் எனப்படும் முன்பண ஒப்பந்தத்தில், நீங்கள் பின்வாங்கினால் அது போய்விடும், அவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்ப வேண்டும் என்று எழுதுவது வழக்கம். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் பதிவகத்திலிருந்து நோட்டா சிம்ப்ளே என்ற பதிவுச் சுருக்கத்தை எடுத்துவிடுங்கள். பத்துப் பதினோரு யூரோதான். யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

கேள்வி (டொராண்டோ): அம்மாவுக்கு முழங்கால் வலி. மாடி வீடு எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அக்கா. இந்தப் பக்கம் ஒரே கட்டடத்தில் கீழ் வீடு ஒருவருக்கு, மேல் வீடு இன்னொருவருக்கு என்று விற்பார்கள். கீழ் வீட்டுக்குச் சின்னத் தோட்டம், மேல் வீட்டுக்கு மொட்டை மாடி. படங்களில் அந்த மாடிதான் அள்ளும், ஆனால் அங்கே போகப் பெரும்பாலும் வெளிப்படிக்கட்டுதான், லிஃப்ட் இருக்காது. கீழ் வீட்டையே பாருங்கள். அதையும் ஜனவரியில் போய்ப் பாருங்கள். தரை ஓடு எவ்வளவு குளிர்கிறது, சுவரின் அடியில் ஈரம் ஏறியிருக்கிறதா, சூடேற்ற ஏ.சி. மட்டும்தானா என்பதெல்லாம் அப்போது தெரியும். வெளிநாட்டவருக்கான என்.ஐ.இ. என்ற அடையாள எண்ணுக்கு இப்போதே டொராண்டோவிலுள்ள ஸ்பெயின் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அது இல்லாமல் பத்திரப்பதிவு நடக்காது.