‘சன்னலுக்கு வெளியே நடப்பது காதில் விழக் கூடாது’ என்ற சீனப் பழமொழிப்படி படிப்பது சரியா?

கேள்வி கேட்டவர் ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார் என்று நினைக்கிறேன். வீட்டில் யாரோ “கரண்ட் பில்லையாவது கட்டிட்டு வாயேன்” என்று சொல்லியிருப்பார்கள், அந்த எரிச்சலில் கேட்டிருக்கிறார். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

“இரு காதும் சன்னலுக்கு வெளியே நடப்பதைக் கேளாது, ஒரே மனதாய்ச் சான்றோர் நூலை மட்டும் படிப்பேன்.” இதுதான் அந்தப் பழமொழி. ஜெங்குவாங் சியென்வென் என்று சீனாவில் சிறுவர்களை மனப்பாடம் செய்ய வைத்த பழைய தொகுப்பில் வருவதாகச் சொல்வார்கள்.

நான் சீனம் படித்தவள் இல்லை. கணவருக்கு நான்ஜிங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்ததால் கைக்குழந்தையோடு போய்ச் சில வருடம் இருந்துவிட்டு வந்தவள். எதிர் ஃபிளாட்டில் இருந்த பாட்டிதான் இந்தப் பழமொழியை எனக்குச் சொன்னார், போனில் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு. என் கணவர் காலையில் தலை குனிந்து போய் ராத்திரி தலை குனிந்து வருவதைப் பார்த்து, பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

ஏன் என்று சொல்கிறேன். சீனாவில் ஹான் அரச வம்ச காலத்தில் காவ் ஃபெங் என்று ஒரு படிப்பாளி. விவசாயக் குடும்பம். மனைவி கோதுமையை முற்றத்தில் காயப் போட்டுவிட்டு, “கோழி கொத்தாமல் பார்த்துக்கோ” என்று கையில் ஒரு கழியையும் கொடுத்துவிட்டு வயலுக்குப் போகிறாள். பெருமழை. அவர் கழியைப் பிடித்தபடியே பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருக்கிறார், கோதுமை மொத்தமும் வெள்ளத்தோடு போகிறது. மனைவி திரும்பி வந்து கேட்ட பிறகுதான் மழை பெய்ததே தெரிகிறது. பிற்காலத்தில் பெரிய அறிஞர் ஆனார். இதைப் படிப்பில் ஊன்றியதற்கு உதாரணமாகவே காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்த வருடம் வீட்டில் மாவுக்கு என்ன செய்தார்கள் என்று வரலாற்றில் ஒரு வரி கிடையாது. அந்தம்மா பெயரும் கிடையாது. இன்னொன்று, அரசு வேலைக்குக் கூப்பிட்டபோது தட்டிக்கழிக்க, விதவையான அண்ணி மேல் பொய்யாக நில வழக்கு நடத்துவதுபோல நடித்தாராம் இதே மனிதர். அதுக்கும் வீட்டுப் பெண்தான் கிடைத்தாள்!

எங்கள் வீட்டு மழை ஒரு ராத்திரி வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. கணவருக்குப் போன் போட்டேன், போட்டேன், எடுக்கவில்லை. டாக்ஸி பிடித்து ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் கொடுக்கும் மெஷின் சீன அடையாள அட்டையைத்தான் கேட்டது, பாஸ்போர்ட்டை ஏற்கவில்லை. கவுன்டருக்குப் போ என்று கை காட்டினார்கள். அங்கே வரிசை வாசல் வரை. டாக்டரைப் பார்த்ததும் முதலில் விரலில் குத்தி ரத்தம் எடுத்து வரச் சொன்னார். அதற்குத் தனி வரிசை. ரிப்போர்ட்டை இன்னொரு மெஷினில் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ஹாலில் நாற்காலி நாற்காலியாகக் குழந்தைகள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு குழந்தையைச் சுற்றியும் அம்மா, பாட்டி, தாத்தா என்று மூன்று பேர். நான் ஒருத்தி, இடுப்பில் குழந்தை, வாயில் பாஸ்போர்ட்.

“அப்படி என்ன மனுஷன்” என்று கமெண்டில் எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவர் லித்தியம் பேட்டரியில் வேலை செய்தார். ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் முகப்பில் மாட்டிய தடித்த ரப்பர் கையுறைக்குள் முழங்கை தாண்டிக் கையை விட்டு, உள்ளே பொத்தான் அளவு பேட்டரியை இடுக்கியால் சேர்க்க வேண்டும். காற்றும் ஈரமும் பட்டால் லித்தியம் வீண். நடுவில் சட்டென்று கையை உருவிப் போன் எடுப்பது சுலபமில்லை. எனக்கு இதெல்லாம் தெரியும். அவர் குடித்துவிட்டு விழுந்து கிடக்கவில்லை. ஆனால் மருத்துவமனையில் நின்றது நான்.

அங்கே தேர்வுக்குப் படிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிசம்பரில் முதுகலை நுழைவுத் தேர்வு வரும். அதற்கு முன்னால் கேம்பஸ் மாடிப்படியில் சுவரைப் பார்த்து நின்று, காலடியில் வெந்நீர் பிளாஸ்க்கோடு, வாய்விட்டு மனப்பாடம் செய்வார்கள். நாம் பக்கத்தில் போனாலும் திரும்ப மாட்டார்கள். ஜூன் 7 அன்று கல்லூரி நுழைவுத் தேர்வு தொடங்கும்போது தேர்வு மையம் பக்கம் ஹாரன் அடிக்கக் கூடாது, கட்டட வேலை நடக்கக் கூடாது. பாட்டியின் மருமகள் அன்று சிவப்புச் சீனக் கவுன் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தார், ராசியாம். ஆக, சன்னலுக்கு வெளியே ஊரே வாயை மூடிக்கொண்டு நின்றால்தான் உள்ளே இருப்பவர் காதில் ஒன்றும் விழாது.

நான்ஜிங்கில் சின்ஹுவாய் ஆற்றங்கரையில் அரசு அதிகாரி ஆவதற்கான பழைய தேர்வுக்கூடம் இருக்கிறது, இப்போது மியூசியம். ஒரு காலத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் அறைகள். அறை என்றால் ஓர் ஆள் உட்காரும் பொந்து. இரண்டு பலகை, பகலில் மேசையும் இருக்கையும், ராத்திரி சேர்த்துப் போட்டால் கட்டில். அந்தத் தேர்வு முறை சுமார் 1300 வருடம் நடந்து 1905இல் ஒழிந்தது. அத்தனை வருடத்தில் பெண்கள் அந்தத் தேர்வை எழுதவே முடியாது. இதைப் படித்துவிட்டு வெளியே வந்து குழந்தைக்கு டயப்பர் மாற்றினேன்.

இந்தப் பழமொழிக்குச் சீனாவிலேயே எதிர்ப்பாட்டு உண்டு. நான்ஜிங்கிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரத்தில் வூஷி என்று ஓர் ஊர். அங்கே 1604இல் கு சியென்செங் என்ற அறிஞர் புதுப்பித்த டோங்லின் கல்விச்சாலையில் அவர் எழுதியதாகச் சொல்லும் இரட்டை வரி: காற்றொலி, மழையொலி, படிப்பொலி எல்லாம் காதில் விழட்டும், வீட்டு விஷயம், நாட்டு விஷயம், உலக விஷயம் எல்லாவற்றிலும் அக்கறை இருக்கட்டும். அரசியலைப் பற்றி வாய் திறந்ததற்காக அந்தக் குழுவில் பலர் பிறகு சிறையில் செத்தார்கள், அது தனிக்கதை. எனக்குப் பிடித்தது, பட்டியலில் வீடு முதலில் வருவது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குடும்ப விசாவில் போனவர்கள் அங்கே வேலை பார்க்கக் கூடாது. ஊருக்கு வந்து வேலை தேடினால், இன்டர்வியூவில் “அத்தனை வருஷம் சும்மாவா இருந்தீங்க?” என்கிறார்கள். ஊரிலிருந்து திரும்பும்போதெல்லாம் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்தது, தெரியாத மொழியில் வாடகை ஒப்பந்தம் போட்டது, தடுப்பூசி அட்டையை மாற்றியது, இதெல்லாம் ரெஸ்யூமேயில் எந்தத் தலைப்பில் வரும்? அவர் கட்டுரைகளின் கடைசியில் நன்றி வாங்கியவர்கள் பட்டியலில் நிதி கொடுத்த அமைப்பு இருக்கிறது, மைக்ராஸ்கோப் இயக்கியவர் இருக்கிறார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். படிங்கள், கதவைச் சாத்திக்கொண்டே படிங்கள். ஆனால் கோதுமையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று முதலில் கேட்டு வையுங்கள். அவரிடம் இத்தனை மாதம் என்று தேதி சொல்லி அனுமதி வாங்குங்கள். போனை சைலண்டில் போட்டாலும் ஒரு நம்பர் மட்டும் அடிக்கும்படி வைக்கலாம், இப்போது எல்லாப் போனிலும் அந்த வசதி இருக்கிறது. என் கணவர் போனில் நான்தான் செட்டிங்ஸுக்குள் போய் வைத்தேன், அவருக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.