மாநிறக் குழந்தைக்கு ஆக்ஸிமீட்டர் 89 காட்டினால்

15 நாள் குழந்தைக்கு வீட்டு ஆக்ஸிமீட்டர் (இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் கருவி) ஒருமுறை 89, மறுமுறை 97 காட்டுகிறது, "கறுப்புத் தோல், அதான் குறைச்சுக் காட்டுது" என்று மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அது நேர்மாறு. அடர்நிறத் தோலில் மீட்டர் பெரும்பாலும் உள்ளதைவிடக் கூட்டித்தான் காட்டும். 2020-ல் மிச்சிகன் ஆய்வில் மீட்டர் 92–96 காட்டிய பெரியவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம் உண்மையில் 88-க்கும் கீழே, வெள்ளையரில் 3.6 சதவீதம்தான். குறைமாதக் குழந்தைகளிடமும் பிழை அதே திசையில்தான். ஆகவே 89-ஐ நிறத்தின் மேல் போட்டுவிடாதீர்கள்.

எண் குதிப்பதற்கு வேறு காரணம் இருக்கலாம்: பெரியவர் விரலுக்கான கிளிப் பிஞ்சு விரலில் நிற்காது, கால் சில்லென்றிருந்தாலோ உதைத்தாலோ தவறும். (எங்கள் வீட்டிலும் இந்தக் கூத்து நடந்தது.)

எது காரணம் என்று வீட்டில் தீர்மானிக்க முடியாது, இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பச்சிளங்குழந்தைக்கான ஒட்டு சென்சாரில் வலது கையிலும் ஒரு காலிலும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் இரத்தப் பரிசோதனை. நாக்கு, ஈறு நீலமானாலோ, முனகி மூச்சு விட்டாலோ, பால் குடிக்கத் திணறினாலோ மீட்டரைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.