செசிலியா

அன்புள்ள ஐயா,

பேத்திக்குச் செசிலியா என்று பெயர் முடிவு செய்திருந்தோம். அடுத்த மாதம் ஞானஸ்நானம். மருமகன் இணையத்தில் தேடிவிட்டு, லத்தீனில் அதற்குக் ‘குருடி’ என்று பொருள், வேண்டாம் என்கிறார். எண்கணிதமும் சரியில்லையாம். மாற்றிவிடலாமா?

ம., தூத்துக்குடி

அன்புள்ள ம.,

எண்கணிதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. பச்சைப் பிள்ளையின் பெயரைக் கூட்டிக் கழிப்பதை முதலில் நிறுத்துங்கள்.

லத்தீனில் ‘கைக்குஸ்’ என்றால் பார்வையற்றவர்தான். ஆனால் அதை நினைத்து யாரும் மகளுக்குப் பெயர் வைக்கவில்லை. கைக்கிலியுஸ் என்பது ரோமில் ஒரு குலம். அதில் பிறந்த ஆணுக்குத் தனிப்பெயர் உண்டு. பெண்ணுக்குக் குலப்பெயரே பெயர், ஈறு மட்டும் மாறும்: கைக்கிலியா. நம் வாயில் அதுதான் செசிலியா. துல்லியுஸ் குலத்துச் சிசரோவின் மகள் துல்லியா. மார்க் ஆன்டனிக்கும் ஒக்டாவியாவுக்கும் பிறந்த பெண்கள் இரண்டு பேருக்கும் அந்தோனியா என்றே பெயர். மூத்தவள், இளையவள் என்றுதான் பிரித்தார்கள். வாசலில் நின்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பியிருப்பார்கள். பெண்ணுக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்றே தோன்றாத ஊர். உங்கள் மருமகனுக்குக் கோபம் வரவேண்டியது இதற்கு.

ரோமுக்கு வெளியே ஆப்பியச் சாலையில் கைக்கிலியா மெத்தெல்லாவின் கல்லறை இன்றும் நிற்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டு, கோட்டைக் கொத்தளம்போல வட்டமான பெரும் கட்டடம். அவளைப் பற்றிக் கல்லில் இருப்பது இவ்வளவே: இன்னார் மகள், கிராஸுஸின் மனைவி. அவ்வளவு கல் அடுக்கியவர்களுக்கு அவளைப் பற்றி இன்னொரு சொல் கிடைக்கவில்லை.

உங்கள் பேத்திக்கு வைப்பது, விசுவாசத்துக்காக ரோமில் கொல்லப்பட்ட புனித செசிலியாவின் பெயர். 1600ல் ஸ்டெஃபானோ மதெர்னோ வடித்த அவள் சிலை ரோமின் டிரஸ்தேவெரே பகுதிக் கோயிலில் இருக்கிறது. ஒருக்களித்துக் கிடக்கிறாள், கழுத்தில் வெட்டு, தலையில் சுற்றிய துணி, முகம் தரைப்பக்கம். கல்யாணத்தன்று வாத்தியங்கள் ஒலிக்க, அவள் மனதுக்குள் கடவுளுக்குப் பாடினாளாம். அந்த ஒரு வரியால் இசைக்குப் பாதுகாவலி ஆனாள்.

‘குருடி’ என்று எவ்வளவு கூசாமல் எழுதிவிட்டீர்கள்! என் சித்தி பெயர் சிசிலி. கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பாள். நவம்பர் 22 திருநாளுக்குப் பாடற்குழுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் வீட்டில்தான் காப்பி. கடைசிப் பத்து வருடம் கண் அறவே தெரியாது. துருத்திக் கிழிசலில் பிளாஸ்திரி ஒட்டிய அந்தப் பெட்டியின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைப்போம். பாட்டின் முதல் அடியை யாராவது காதருகே சொன்னால் போதும், இடது கை தானாகத் துருத்திக்குப் போய்விடும்.