ஆஸ்துமாவா, சிஓபிடியா? எப்படிப் பிரித்துச் சொல்வது?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. புகை பிடித்ததில்லை, ஆனால் முப்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலையில் சளி. ஒரு டாக்டர் ஆஸ்துமா என்கிறார், இன்னொருவர் சிஓபிடி என்கிறார். இன்ஹேலர் எடுத்தும் குறையவில்லை. எதை நம்புவது?

பதில்:

முதலில் ஒன்று: சிஓபிடி என்பது மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் ஆஸ்துமா, சிஓபிடி இரண்டிலும் அதே வீசிங் சத்தம்தான் கேட்கும். அதனால் அதை மட்டும் வைத்துச் சொன்ன பெயரை முடிவாக எடுக்காதீர்கள். அம்மாவுக்கு பிஎஃப்டி, அதாவது குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலை அளக்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுதான் அடுத்த வேலை. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் கூடவே எடுத்துவிடுங்கள்.

புகை பிடிக்காதவருக்கு சிஓபிடி வராது என்று பலர் நினைக்கிறார்கள். விறகு, வரட்டிப் புகையே அதற்குப் போதும். சிறு வயதிலிருந்தே வந்து வந்து போகும் இளைப்பு, விடியற்காலையில் எழுப்பிவிடும் இருமல், தும்மல், நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் இருந்தால் ஆஸ்துமா பக்கம் சாயும். நாற்பதுக்கு மேல் ஆரம்பித்து, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனால் சிஓபிடி.

டெஸ்டில் மூக்கில் கிளிப் மாட்டி, முழு மூச்சு இழுத்து, ஒரே வேகமாக ஊதச் சொல்வார்கள். நுரையீரல் காலியாகும்வரை, குறைந்தது 6 விநாடி, நிறுத்தாமல் ஊத வேண்டும். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பாதியில் விட்டுவிட்டால் மொத்தக் காற்றின் அளவு குறைவாகப் பதிவாகி, முதல் விநாடிக் காற்றுக்கும் மொத்தக் காற்றுக்கும் உள்ள விகிதம் நன்றாக இருப்பதுபோல் காட்டும், நோய் மறைந்துவிடும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம், அதாவது 4 பஃப், கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளியேறும் காற்றை மொத்தக் காற்றால் வகுத்தால் வருவது மருந்துக்குப் பிறகும் 0.70-க்குக் கீழே நின்றால் சிஓபிடி என்று சொல்ல வலுவான ஆதாரம். முதல் விநாடி அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமா இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. டெஸ்டுக்கு 4 மணி நேரம் முன்பிருந்து சால்பியூட்டமால் எடுக்கக் கூடாது. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்ஹேலரை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சு முட்டினால் மருந்தை எடுத்துவிட்டு, டெஸ்டைத் தள்ளிப்போடுங்கள்.

மருந்து மாறுவதால்தான் பெயர் முக்கியம். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் ஸ்டீராய்டுதான் அடிப்படை. அது இல்லாமல் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் கொடுப்பது ஆபத்து. சிஓபிடியில் அந்த விரிக்கும் மருந்துகளே முன்னால் நிற்கும். அடிக்கடி திடீரென மூச்சுத்திணறல் கூடுபவர்களுக்கு, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு சேர்ப்பார்கள். எல்லோருக்கும் கொடுப்பதில்லை, காரணம் ஸ்டீராய்டு நிமோனியா வாய்ப்பைக் கூட்டும். ஸ்டீராய்டு என்ற பெயருக்கே பயந்து நிறுத்திவிடாதீர்கள்: மாத்திரை மில்லிகிராம் கணக்கு, இன்ஹேலர் மைக்ரோகிராம் கணக்கு.

இனி, இன்ஹேலர் எடுத்தும் குறையவில்லை என்றீர்களே, அதற்கு. மருந்தை மாற்றச் சொல்வதற்கு முன் அம்மா எடுப்பதை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அழுத்தும் பஃப் இன்ஹேலரை மெதுவாக, 4, 5 விநாடி இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் மோதித் தங்கிவிடும். கேப்சூல் போடும் ரோட்டாஹேலரோ நேர் எதிர்: பலமாக, வேகமாக இழுக்காவிட்டால் பவுடர் உள்ளேயே கிடக்கும். அதற்குள் ஊதவும் கூடாது, ஈரம் பட்டால் பவுடர் கட்டியாகிவிடும். எதுவானாலும் முதலில் மூச்சை வெளியே விட்டு, இழுத்த பின் 10 விநாடி பிடித்து, அடுத்த பஃபுக்கு அரை நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். கை, மூச்சு ஒத்துவரவில்லையா, இன்ஹேலர் முனையில் பொருத்தும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை வாங்குங்கள். ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் காய விடுங்கள். துணியால் துடைத்தால் ஏறும் மின்னூட்டம் மருந்தைச் சுவரிலேயே ஒட்ட வைத்துவிடும். ஸ்டீராய்டு எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும்.

கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மருந்து போடுகிறாரா என்றும் கேளுங்கள். கண்ணில் விடும் சொட்டே மூச்சுக்குழாயை இறுக்கிவிடும்.

விறகடுப்பு இன்னும் எரிந்தால் எந்த மருந்தும் முழுதாகக் கைகொடுக்காது. ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் போட்டுவிடுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலித்தால், உடனே 108. வண்டி வரும்வரை ஸ்பேசரில் சால்பியூட்டமால் 4 பஃப், ஒவ்வொன்றாக. 20 நிமிடத்தில் குறையாவிட்டால் மீண்டும். சிஓபிடி என்று உறுதியாகியிருந்தால் ஆம்புலன்ஸில் வருபவரிடம் அதைச் சொல்லுங்கள்: சிஓபிடி நோயாளிக்கு ரத்த ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைத்தால் போதும், அளவுக்கு மீறிக் கொடுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கத்தில் தள்ளிவிடும்.