ஒரே தாலாட்டு, மூன்று வெளியீடுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் வீட்டின் படங்கள், ஆச்சி பாடிய தாலாட்டு, ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கும் வீடியோ ஆகியவற்றைக் கட்டுரைகளுடன் தொகுத்துக் கைப்பேசிச் செயலியாக வெளியிட்டோம். அதையே இணையதளமாகவும் மின்னூலாகவும் கொண்டுவர, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்கிறார் மென்பொருள் எழுதியவர். வேறு வழியே இல்லையா?
– வாசகி ஒருவர், காரைக்குடி

பதில்: அவர் சொல்வது பொய்யன்று, உள்ளடக்கம் செயலியின் திரைகளுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால் அதைப் பிரித்தெடுக்கத்தான் வேண்டும். அந்த வேலையை இன்னொரு முறை செய்ய நேராதபடி இப்போதே அமைத்துக்கொள்ளுங்கள்.

தாலாட்டையே எடுத்துக்கொள்வோம். அடையாள எண், பாடியவர் பெயர், வெளியிடுவதற்கான ஒப்புதல், சுருக்கப்படாத மூல ஒலிக்கோப்பு, பாடல் வரிகள், ஒவ்வொரு வரியும் தொடங்கி முடியும் நொடிக்கணக்கு ஆகியவற்றுடன் அது தரவுத்தளத்தில் தனிப் பதிவாக இருக்க வேண்டும். எழுத்தின் அளவும் நிறமும் பொத்தானின் இடமும் அந்தப் பதிவுக்குள் வரக்கூடாது. அவற்றை அந்தந்த வெளியீட்டுக்குரிய வார்ப்புரு, அதாவது தோற்றத்தை வகுக்கும் மாதிரி அமைப்பு, பார்த்துக்கொள்ளும். இணையதள வார்ப்புரு இதிலிருந்து பக்கத்தையும் எம்பி3 கோப்பையும் உருவாக்கும். 2011இல் வந்த ஈபப் 3 என்ற மின்னூல் தரத்துக்கான வார்ப்புரு அதே நொடிக்கணக்கை, ஒலியையும் வரியையும் நேரப்படி இணைக்கும் ‘ஸ்மில்’ கோப்பாக எழுதித் தர, பாட்டு ஒலிக்க ஒலிக்க அந்தந்த வரி திரையில் ஒளிரும். எல்லா மின்னூல் செயலிகளிலும் இது இயங்காது. அங்கும் வரிகளைப் படிக்கவும் பாட்டைத் தனியே கேட்கவும் முடிகிறதா என்று சோதியுங்கள்.

ஈபப் தரம் வீடியோவுக்கென எந்தக் கோப்பு வகையையும் கட்டாயமாக்கவில்லை. ஆகவே, கண்ணாடியின் மேல் அச்சை வைத்து நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றும் காட்சி ஓடாத கருவியில், அதன் நிழற்படமும் விளக்கமும் தோன்றுவதற்கான ஏற்பாடும் பதிவிலேயே இருக்கட்டும். 2020 இறுதியில், அசைபடங்களையும் வீடியோவையும் இயக்கிவந்த ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் நிறுத்தியபோது, அதற்குள் அடைபட்டிருந்த பல்லூடகத் தொகுப்புகள் பல திறக்க முடியாமல் போனதை மறந்துவிட முடியாது.

பின்னாளில் வளவை (வீட்டின் உள்முற்றப் பகுதியை) சுற்றிக் காட்டும் 360 பாகைப் படம் சேர்ந்தால், அதற்கான மென்பொருள் பகுதியை மட்டும் இணைக்க முடிந்தால் போதும். இனி வரக்கூடிய எல்லா வகைகளுக்கும் இன்றே எழுதச் சொல்வது, வராத விருந்துக்கு இலை போடுவதாகும்.

கேள்வி: பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கட்டுரைகளை அப்படியே சேர்க்கலாமா?
– வாசகர் ஒருவர், தேவகோட்டை

பதில்: கூடாது; அவற்றில் தேடல் இயங்காது. ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிச் சேருங்கள். பழைய எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் பதிவாகியிருக்கும், ஒருங்குறியிலோ பின்னால் பதிவாகும்; ஆதலால் மாற்றியபின் ‘கொ’, ‘கோ’ வரும் சொற்களை முதலில் சரிபார்க்கவும்.